இடது கையில் நான் போட்ட வட்டம்

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எப்படித் தெரியும் என்று நர்சுகள் கேட்பார்கள். சின்ன வயதில் ஒரு தடவை ஆகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம். புளியறையிலிருந்து மாமா வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கோ குதிகாலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டால் வேனில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, அப்பா என்னைத் தென்காசியில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் உள் அறையில் இருப்பார். டோக்கன் கொடுப்பது, காய்ச்சல் பார்ப்பது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பது எல்லாம் நர்சக்கா ஒருவர்தான். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அன்றைக்கு நல்ல கூட்டம். டாக்டர் எதற்கு, நீங்களே மருந்து கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று ஒரு பெரியவர் அவரிடம் வம்பளந்தார்.

"இம்புட்டு வாய் பேசுதிய, உங்களுக்கா காய்ச்சல்?" என்று அக்கா தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் எனக்குப் பென்சிலின் எழுதினார். அதை முழுதாகப் போடும் முன் ஒரு சொட்டைத் தோலுக்கடியில் குத்திப் பார்ப்பார்கள். அக்கா என் வலது கையில் குத்தி, நீலப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் தடித்தாலோ அரித்தாலோ அந்த ஊசி கிடையாது.

"அரிச்சா சொல்லணும், என்னட்டி? கம்முனு இருந்திராத," என்றார். நான் வாய் திறக்காத பிள்ளை என்பது அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்திலேயே அரித்தது. கொசு கடித்ததுபோல் சிவந்து தடித்தது. ஊசி போடாவிட்டால் வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அப்பா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். டோக்கன் மேஜையில் நூல் கட்டிய பேனா கிடந்தது. அதை எடுத்து இடது கையில் அதே மாதிரி ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளியும் வைத்தேன். வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அக்கா வேகமாக வந்தபோது இடது கையை நீட்டினேன். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கை என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"அரிக்குதா?"

"இல்லக்கா."

ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சு முட்டியது. அக்கா என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டபடி டாக்டரைக் கூப்பிட்டார். மாற்று ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியதும் நாடி பார்க்கக் கையைப் பிடித்த அக்கா, இரண்டு வட்டங்களையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வெளியே அப்பா கத்திக்கொண்டிருந்தார். முன்பொரு தடவை மாத்திரையைத் துப்பியதற்கு அப்பா என்னை அந்த அறையிலேயே அறைந்ததை அக்கா பார்த்திருக்கிறார். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, இடது கை வட்டத்தை மட்டும் துடைத்துவிட்டார்.

அப்பா உள்ளே வந்தார். "டெஸ்ட்டப் பாக்காமயா ஊசி போடுவாவ? எம்பிள்ள செத்துருக்கும்லா?"

டாக்டர் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். வட்டம் நிறையத் தடிப்பு.

"நான்தான் சரியாப் பாக்கல சார்," என்றார் அக்கா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை வீங்கியிருந்ததால்தான் பேசவில்லை என்று பிறகு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் குதிகாலில் கட்டு மாற்றப் போனபோது வேறு ஒரு பெண் டோக்கன் கொடுத்தாள். தான் சண்டை போட்டுத்தான் பழைய நர்சை வெளியே அனுப்ப வைத்ததாக அப்பா பெஞ்சில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தால் வகுப்புக்கு வெளியே அனுப்புவார்கள். மணி அடித்ததும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்காவையும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து, எப்போது உள்ளே வருவார் என்று வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.