பென்சிலில் எழுதிய ஏழு கட்டுரைகள்

என் துறைத்தலைவரை எனக்குப் பிடிக்காது. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் பிடிக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் எலிகளின் மூளையை ஆராய்பவள் நான். தூக்கம் கெட்டால் நினைவு எப்படிக் கெடுகிறது என்பது என் கேள்வி. மூளையைச் சீவல் சீவலாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண் எரிய எரியப் பார்த்து, ஒரே கட்டுரைக்கு நாலு வருஷம் உழைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒருவர் எழுதியதை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் மரியாதை. அவருடைய எண்ணிக்கை பெரியது. அது எப்படிப் பெருத்தது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். யாருடைய கட்டுரையும் முதலில் அவர் மேசைக்குப் போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் தன் பழைய கட்டுரைகளைப் பென்சிலால் எழுதிச் சேர்த்துத் திருப்பித் தருவார். நான் எலியின் தூக்கத்தைப் பற்றி எழுதினால் அவர் சேர்ப்பது தவளையின் தசையாக இருக்கும். நானும் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு சேர்த்தவள்தான்.

இந்த நாலு வருஷக் கட்டுரைக்கு ஏழு சேர்த்திருந்தார். அதோடு நிற்கவில்லை. நான் கண்டுபிடித்ததாக எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'இது முன்பே நிறுவப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார். அவர் வாழ்நாளில் எலியைத் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தவரே இல்லை.

நாகல் நகர் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவருக்குத் தோல் வியாபாரம்.

"சேத்துட்டுப் போயேன். என்ன கொறஞ்சிரப் போகுது?" என்றார்.

"உங்க சரக்குல பக்கத்துக் கடைக்காரன் முத்திரை குத்துனா விடுவீங்களா?"

"அது வேற, இது வேற."

அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஏழு கட்டுரைகளையும் எடுத்துவிட்டு, என் வரியைத் திரும்ப எழுதி, அனுப்பிவிட்டேன்.

கட்டுரை வெளியான வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் குடுத்தத எடுத்துட்டு அனுப்பிருக்கீங்க."

"சம்பந்தமில்ல சார். எடுத்துட்டேன்."

"அம்புட்டு தைரியமா? அடுத்த மாசம் உங்களுக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அந்தக் கமிட்டியில நானும் இருக்கேன். ஞாபகம் வச்சுக்கங்க."

ஞாபகம்தானே என் தொழில். அதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பயம் பாதி, வெறுப்பு பாதி.

நேர்காணலில் வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இத்தன வருஷ சர்வீஸ்ல உங்க சைட்டேஷன் இவ்வளவுதானா? வெக்கமா இல்ல?"

"இல்ல சார். என்னுடையத மேற்கோள் காட்டுனவங்க யாரையும் எனக்குத் தெரியாது. உங்களுடையத மேற்கோள் காட்டுனவங்களை எனக்கு நல்லாத் தெரியும். அதுல பாதிப் பேரு இந்தக் கட்டடத்துலயே இருக்காங்க. நானும் ஒருத்தி."

வெளியூர் அம்மா ஒருவர் மடிக்கணினியைத் திறந்து துறைத்தலைவர் பெயரைத் தட்டினார். அவரை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நீங்க போகலாம்மா" என்றார்.

எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவருக்கு எதுவும் ஆகவில்லை. சக ஆசிரியர்கள் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டார்கள். இவர்களும் என்னைப் போல வருஷக்கணக்காகச் சேர்த்தவர்கள். என்னைப் பார்த்தால் அது நினைவுக்கு வந்திருக்கும். அவரைவிட அவர்கள் மேல்தான் அப்போது எனக்கு ஆத்திரம் அதிகம்.

மூன்று வருஷம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் பதவி உயர்வு வந்தது. அவருடைய பிரிவுபசார விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போட்டார்கள். அவருடைய ஆய்வுச் சாதனைகளைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று ஒரு சக ஆசிரியை கேட்டு வந்தார்.

"ஒரு பக்கம் போதும் மேடம். பழச மறந்துருங்க."

"எழுத மாட்டேன்" என்றேன். "மறக்கவும் மாட்டேன்."

அந்த ஆசிரியை முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். அந்த விழாவுக்கு நான் போகவில்லை. எலிகளுக்குத் தீனி வைக்க வேண்டியிருந்தது.