புறா வயிற்றுப் பார்லி

போன மாதம் பாரிசிலிருந்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, ராஜாவுக்கு எதிராக ஜனங்கள் ஏன் கிளம்பினார்கள் என்று விசாரித்தார். தத்துவ நூல்களா, கஜானா காலியானதா என்று அவரே காரணங்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் படிக்கத் தெரிந்தவர் பாதிரியார் மட்டும்தான். அவரும் ஜெபப் புத்தகத்திலேயே பாதியில் தூங்கிவிடுவார். நான் மத்தூரனைப் பற்றிச் சொன்னேன். மனிதர் குறித்துக்கொள்ளவில்லை.

மத்தூரன் என் பக்கத்து வீட்டுக்காரன். அவனைப்போல ஒரு ராஜவிசுவாசியைப் பிரான்சு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. உப்புக்கு வரி ஏறினால், "பாவம், ராஜாவுக்குத் தெரியாது" என்பான். பிரபுவின் வேட்டைக் குதிரைகள் வயலைத் துவைத்துவிட்டுப் போனால், "பாவம், பிரபுவுக்குத் தெரியாது" என்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதுதான் அவன் கற்ற மொத்த அரசியல்.

பிரபு மாளிகைக் கோபுரத்தில் கணக்கில்லாமல் புறா வளர்த்தார். வளர்க்கும் உரிமை அவருக்கு, தீனி போடும் கடமை எங்கள் வயலுக்கு. ஒரு புறாமேல் கல் பட்டாலும் தண்டனைதான்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அடித்துப் போட்டது. குளிர்காலம் முழுக்க மத்தூரனும் அவன் பெண்டாட்டி பெரினும் தவிட்டு ரொட்டி தின்றார்கள். பட்டினியில் பெரினுக்கு முகமே வீங்கிவிட்டது. அப்போதும் விதைக்கு வைத்த பார்லி மூட்டையை அவிழ்க்கவில்லை. வசந்தத்தில் விதைத்தார்கள். விதைத்த அன்றே புறாக்கள் விருந்துக்கு இறங்கின.

அதே வாரம், குடிகள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று ராஜா சொல்லியனுப்பினார். மாதா கோயிலில் ஊர் கூடியது. மத்தூரன் எழுந்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குறை சொன்னான்: "புறா." பாதிரியார் எழுதிக்கொண்டார்.

ராஜா கேட்டுவிட்டார் என்றால் தீர்த்துவிட்டார் என்றே அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை, "ராஜா வாழ்க!" என்று கத்திக்கொண்டே தடியால் புறாக்களை அடித்து வீழ்த்தினான். காவலாட்கள் அவனைச் செத்த புறாக்களோடு மாளிகை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம்.

"யார்றா உனக்கு உத்தரவு குடுத்தது?" என்றார் பிரபுவின் காரியஸ்தர்.

"ராஜாங்க."

"ஓகோ! வீட்டுக்கு விருந்துக்கு வந்தப்ப சொன்னாராக்கும்?"

"வந்தா என்னத்தைப் போடறது? அதான் உங்க புறா தின்னுட்டுதே!" என்றாள் பெரின். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒரு புறாவின் தீனிப்பையைக் கிழித்தாள். பார்லி முழுசு முழுசாகக் கல்தரையில் கொட்டியது. அதைக் கைநிறைய அள்ளிக்கொண்டாள்.

மத்தூரன் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கய்யா, முளைக்கும்! புறாவை நீங்களே வெச்சுக்குங்க. இதை மட்டும் குடுத்துடுங்க, மறுபடி விதைச்சுக்கறோம்."

"பிரபுவோட புறா வயித்துல இருக்கறதும் பிரபுவோடதுதான். கீழ போடுடி!" என்றார் காரியஸ்தர்.

பெரின் பிடியை விடவில்லை.

மத்தூரன் நிமிர்ந்தான். மேல்மாடத்தில் பிரபுவே நின்றுகொண்டிருந்தார், ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார். மத்தூரன் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினான். "எசமான், இங்க நடக்கறது பாவம் உங்களுக்குத் தெரியாது..."

"எல்லாம் கேட்டுட்டுதான்யா இருக்கேன்" என்ற பிரபு காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "பெருக்கிட்டுப் போகச் சொல்லு. முற்றம் அசிங்கமா இருக்கு."

பிரபு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மத்தூரன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"பெரின், அவருக்குத் தெரியும்டி" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் ஆளுக்கொரு தடியோடு கோபுரத்தில் ஏறினோம். சாயங்காலத்துக்குள் கோபுரத்தில் ஒரு புறா மிச்சமில்லை. ஊரே முற்றத்தில் உட்கார்ந்து தீனிப்பைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது.

மத்தூரன் இரண்டாம் தடவை விதைத்தான், முளைத்தது. "பாவம், ராஜாவுக்குத் தெரியாது" என்று அவன் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.