சீசன் டாக்டரும் என் கடைவாய்ப் பல்லும்

என் கடைவாய்ப் பல் கெட்டதற்குச் சில்லுக்கருப்பட்டிதான் காரணம் என்றாள் பெரியம்மா. பிள்ளையைக் கண்டித்து வளர்க்காததும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொண்டாள். அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துப் பல்லின் குழியில் வைத்துவிட்டு, வீங்கிய என் கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். தென்காசி வீட்டில் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

பெரியப்பா தெருவில் நடந்தால் நாய்கூட எழுந்து வழிவிடும். வயலில் காலடியில் வந்த நல்லபாம்பை ஒரே அடியில் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டவர் அவர். அம்மா அவர் முன்னால் வரமாட்டாள். மூத்தாருக்கு எதிரில் தம்பி மனைவி உட்காரக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான் அதைப் பெரியப்பாவிடம் சொல்வேன். அம்மா சொன்னது அவர் காதில் முழுவதும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டதாக வைத்துக்கொள்வார். இப்படி எங்கள் வீட்டில் எந்தச் செய்தியும் இரண்டு தடவை சொல்லப்பட்டது.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் வெளியூர்ப் பணக்காரர்கள் குளிக்க வருவார்கள். அவர்களை நம்பி வளையல்காரர்களும் போட்டோ பிடிப்பவர்களும் வருவார்கள். இரண்டு வருஷமாக மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டரும் வந்து, அருவிக்குப் போகும் வழியில் வீடு பிடித்திருந்தார். ஊரில் அவருக்குச் சீசன் டாக்டர் என்றுதான் பெயர். சாரல் நின்றால் அவரும் போய்விடுவார். அந்த வருஷம் சாரல் ஓய்ந்துகொண்டிருந்தது. என் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. எடுக்காமல் விட்டால் தாடை எலும்புக்கே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் நாவிதர் ஒருவர் குறடோடு வந்து பார்த்திருந்தார். அவருடைய விரலை நான் கடித்துவைத்தேன். அதனால் டாக்டரிடம் கொண்டுபோனால் இரண்டு ஆட்கள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். அதைக் கேட்டதும் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுட்டி. யாரும் புடிக்க வேண்டாம். நான் பழக்கிருதேன்."

நான் சொன்னேன். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பழகாவிட்டால் ஆட்கள்தான் என்றும் சொன்னார்.

அம்மா பல் டாக்டரைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. போன சீசனில் அவரிடம் பல் எடுத்துக்கொண்ட போஸ்ட் மாஸ்டர் சம்சாரம் அடுத்த தெருவில் இருந்தாள். அவளிடம் போய் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு அடுக்களையில் நாடகம் ஆரம்பமாயிற்று. நெல் கொட்டிவைக்கும் குலுக்கையில் நான் சாய்ந்துகொள்ளும்படி ஒரு முக்காலியைப் போட்டாள். கரண்டியின் காம்பால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பால் சட்டி இறக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்து, திறந்து மூடிப் பார்க்கச் சொன்னாள். வலிக்கவே வலிக்காது என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"வலிக்கும்ட்டி. ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லி முடிக்கதுக்குள்ள போயிரும்" என்றாள்.

அடுத்த நாள் என்னை டாக்டராக்கினாள். அவள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் கரண்டியோடு உள்ளே பார்த்தேன். அவளுக்கும் ஒரு பல் கறுத்துக் குழிந்திருந்தது. அதை அழுத்தியபோது அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டரம்மா நன்றாகப் பார்க்கிறாள் என்று பாராட்டிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். அன்றைக்கு என் பயம் போன இடம் தெரியவில்லை. யார் சொல்லிக்கொடுத்து அவளுக்கு இந்த யுக்தி வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

ஒன்றே ஒன்றை அவள் விட்டுவிட்டாள். டாக்டரின் நாற்காலி ஆளோடு மேலே எழும்பும் என்று போஸ்ட் மாஸ்டர் சம்சாரம் சொல்லியிருக்கிறாள். அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை வில்வண்டியில் போனோம். டாக்டர் அறையில் பெரியப்பா வாசலை ஒட்டி நின்றார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றாள். நான் யாரும் சொல்லாமலே அந்த இரும்பு நாற்காலியில் ஏறி, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன். பெரியப்பாவின் புருவம் உயர்ந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே காலால் எதையோ மிதித்தார். நாற்காலி என்னைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று.

நான் போட்ட சத்தத்தில் அருவிக்கரைக் குரங்குகள் ஓடியிருக்கும். குதித்து இறங்கி ஜன்னல் கம்பியைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் கொஞ்சினார். நான் அசையவில்லை. நாளைக்கு மதுரைக்குக் கிளம்பவேண்டும் என்று அவர் பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா வண்டிக்காரனையும் வெளியே நின்ற இன்னொரு ஆளையும் கூப்பிட வாயெடுத்தார். அப்போது அம்மா பேசினாள்.

"ஏட்டி, டாக்டர் முதல்ல எனக்குப் பாக்கட்டும்னு பெரியப்பாகிட்ட சொல்லு."

விக்கிக்கொண்டே நான் சொன்னேன். பெரியப்பா நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மேலே எழும்பியபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, இந்தப் பல்லும் எடுக்கவேண்டியதுதான் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். ஊசி போட்டார், எடுத்தார். இரத்தம் படிந்த பஞ்சைக் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். நான் ஓடிப்போய் அவள் மடியில் ஏறிக்கொண்டேன். நாற்காலி எங்கள் இருவரையும் சேர்த்துத் தூக்கியது. வலிக்கத்தான் செய்தது. மனசுக்குள் சொன்ன ரெண்டாம் வாய்ப்பாட்டில் பதினாறு வருமுன் பல் வந்துவிட்டது.

அம்மா மூலைக்குத் திரும்பிப் போய், முடிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள். நான் சொன்ன பிறகுதான் பெரியப்பா இந்தப் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சு வாயோடு அடுக்களையில் எல்லாக் கதையையும் அவிழ்த்துவிட்டேன். அம்மாவும் நானும் நாற்காலியில் மேலே போனதைச் சொன்னபோது பெரியம்மா கையில் இருந்த அகப்பை நின்றது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பம் உங்க பெரியப்பா எங்கன நின்னாவ?" என்று கேட்டாள் பெரியம்மா.

எனக்கு உற்சாகம் பொங்கியது. பெரியப்பாவுக்குப் பல் பிடுங்குவதைப் பார்க்கப் பயம், கடைசி வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்று சொன்னேன். கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"ஆமா. பிள்ள சொல்லுதது நெசந்தான். ரத்தத்தப் பாத்தா எனக்கு ஆவாது."

பாம்பைக் கொன்ற கதையை ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் பெரியம்மா. அவள் கூடத்துப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கஞ்சியை ஆற்றித் தருகிறேன், இரண்டு பேரும் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியப்பா பயந்தாங்கொள்ளி என்று நான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யாராவது அவரிடமே கேட்டால், ஆமாம் என்றுதான் சொன்னார். அந்தப் பெரிய மனிதர் சாகும்வரை அந்தப் பெயரைச் சுமந்தார். அன்றைக்கு டாக்டர் அறையில் பயப்படாமல் இருந்தது அம்மா மட்டும்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் என்னை மடியில் ஏற்றிக்கொண்ட அவள் கை சில்லென்று இருந்தது. அவள் விரல்கள் என் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் கண் என் மேலும் இல்லை, டாக்டர் மேலும் இல்லை. சுவரோரம் திரும்பி நின்ற அந்த முதுகின் மேல் இருந்தது. சாரல் காற்றுக்குத்தான் அம்மாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்து, அவள் முந்தானையை இழுத்து நன்றாகப் போர்த்திவிட்டேன்.