பாலைப் பொங்க விடாத மூடி

பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வாசல். சாமான் கொடுக்கப் போறவங்களுக்கு இன்னொரு வாசல், அது கட்டடத்துக்குப் பின்னாடி, காலி அட்டைப்பெட்டியை மிதிச்சு அமுக்கிக் கட்டற இடத்துக்குப் பக்கத்துல இருக்கும். முன்வாசல்ல ஏசிக் காத்து வரும், கும்பிட்டு வரவேற்பாங்க. பின்வாசல்ல "யாரைப் பாக்கோணும்?"னு கேப்பாங்க. நீங்களும் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு அங்க நின்னவங்கன்னா, நான் சொல்லப்போறது எதுவும் உங்களுக்குப் புதுசா இருக்காது. படிச்சுட்டு ஒரு பெருமூச்சு விட்டுக்குங்க, போதும்.

நான் கொண்டுபோனது ஒரு மூடி. சூலூர்ல எங்க வீட்டுக்காரர் சின்னதா ஒரு பிரஸ் பட்டறை வெச்சிருக்கார். பம்புசெட்டுக்கு வேண்டிய தகட்டுச் சாமான் அடிச்சுக் கொடுக்கற தொழில். அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடறது என்னோட தொழில். தினமும் பொங்கி வழியும், தினமும் அடுப்பைத் தொடைப்பேன். ஒரு நாள் ஆத்திரம் தாங்காம, நடுவுல புனல் மாதிரி ஒரு கழுத்தும் சுத்தி ஓட்டையுமா ஒரு மூடியை அட்டையில வெட்டி அவர் கையில கொடுத்தேன். பால் பொங்கினா நுரை அந்தக் கழுத்து வழியா மேல ஏறும், தட்டுல பரவும், ஓட்டை வழியா மறுபடியும் பாத்திரத்துக்குள்ளயே இறங்கிடும். முதல்ல சிரிச்சார். அப்புறம் அவருக்கே பிடிச்சுப்போய், மாத்தி மாத்திச் செஞ்சு பாத்து, கடைசியில அதுக்குன்னே ஒரு டை பண்ணிட்டார். டைன்னா தகட்டை நடுவுல வெச்சு அடிக்கற இரும்பு அச்சு. ஒண்ணு பண்றதுக்குள்ள மனுசனுக்குத் தாவு தீர்ந்துடும். அக்கம்பக்கத்துல எல்லாரும் மூடி வாங்கினாங்க. பெரிய கடையில வெச்சா ஊரே வாங்கும்னு நான் பையைத் தூக்கினேன்.

பெஞ்சு சம்பந்தம்

கோயம்புத்தூர்லயும் சுத்துவட்டாரத்துலயும் கிளைகிளையா இருக்கற ஒரு கடை. அவங்க பர்சேஸ் ஆபீஸ் பின்வாசல்ல ஒரு நீள பெஞ்சு போட்டிருப்பாங்க. நான் முதல்நாள் போனப்ப ஏற்கெனவே மசாலாப் பொடி, அப்பளம், பினாயில், ஊதுபத்தி எல்லாம் உட்கார்ந்திருந்தது. அங்க யாரும் பேர் சொல்லிக்கறதில்லை. "பினாயில் வந்தாச்சா?"ம்பாங்க. ரெண்டாவது நடையில நான் 'மூடி' ஆயிட்டேன்.

பினாயில்காரர் பெரியவர், பொறுமைசாலி. நான் அரை நாள் உட்கார்ந்ததுக்கே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். "என்னங்க இது, மனுசங்களை இப்படிக் காக்க வெக்கறாங்க, உங்களுக்குக் கோவமே வராதா?"ன்னு கேட்டேன். அவர் பக்கத்துல இருந்த அப்பளக்காரர் தோள்ல கை போட்டுக்கிட்டுச் சொன்னார்: "எதுக்குங்க கோவம்? இந்த பெஞ்சுல உக்காந்தேதான் எம்பட புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துப்போட்டனுங்க. இவரு பையன்தான்."

கம்ப்யூட்டருக்குத் தெரியாத சாமான்

ஒரு வழியா உள்ள கூப்பிட்டாங்க. பர்சேஸ்ல இருந்தவர் தினேஷ்னு ஒரு தம்பி, நல்ல மாதிரி. மூடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், ஓட்டைக்குள்ள விரலை விட்டார், "சூப்பருங்க்கா"ன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தார், அதோட சரி. இது பாத்திரமா, அடுப்புச் சாமானா, குக்கர் உதிரிப் பாகமான்னு அது கேக்குது. எதுக்குள்ள போட்டாலும் இன்னொரு கேள்வி கேக்குது. பாத்திரம்னா எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஓட்டை போட்ட மூடி எத்தனை லிட்டர் பிடிக்கும்னு நான் சொல்றது!

"அப்ப 'இதர சாமான்'னு போட்டுக்கங்களேன் தம்பி"ன்னேன். அதுக்கு முதலாளியே ஒத்துக்கணுமாம், வெள்ளிக்கிழமை காலையில வந்து அவர் முன்னாடியே செஞ்சு காட்டுங்கன்னார். நான் பையைக் கட்டறப்ப ரொம்ப வருத்தமாச் சொன்னார்: "பொருளு நல்லாத்தான் இருக்குதுங்க்கா. ஆனா இது என்னன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிய மாட்டீங்குதுங்க."

வெள்ளிக்கிழமை

முதலாளி நெத்தி நிறைய திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒரே ஒரு மளிகைக் கடையில ஆரம்பிச்சு இத்தனை கிளை திறந்தவர். அவர் அறையிலயே சின்ன கேஸ் அடுப்பை வெச்சு, பாலை ஊத்தி, மூடியைப் போட்டேன். எட்டுப் பத்துப் பேர் சுத்தி நின்னாங்க. பால் ஏறுச்சு, கழுத்து வழியா வந்துச்சு, தட்டுல பரவி அப்படியே உள்ள இறங்கிடுச்சு. தீயைக் கூட்டிக் காட்டினேன். ஒரு சொட்டு வெளிய விழலை. இவ்வளவு அழகா எங்க வீட்டுலகூட வேலை செஞ்சதில்லை. கை தட்டுவாங்கன்னு நிமிர்ந்து பாத்தேன்.

ஒருத்தர் முகத்துலயும் ஈ ஆடலை. தினேஷ் தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். எனக்கு அப்பவும் புரியலை பாருங்க, மக்குத்தனம். புது வீடு, புதுக் கடைன்னா பால் காய்ச்சிப் பொங்க விட்டுத்தானே நாமெல்லாம் உள்ளயே போறோம்? அந்த மனுசன் ஒவ்வொரு கிளைக்கும் அப்படிப் பொங்க விட்டுத்தான் திறந்திருக்கார். அவர் நாற்காலியை விட்டு எந்திரிச்சு, கோவத்துலயும் மரியாதை குறையாமச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா எம்பட ஆபீஸ்ல வந்து பாலைப் பொங்க உடாமப் பண்ணிப்போட்டீங்களே!"

கெடு

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்க வீட்டுக்காரர் முதல்ல சிரிச்சார், அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டார். அடிச்ச மூடியெல்லாம் கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, மாடிப்படி மூலையிலன்னு அட்டைப்பெட்டியா நிக்குது. படுக்கறதுக்குப் பக்கவாட்டுல நடந்து போறோம். இந்த மூடிக்காக அவர் கையில இருந்த பம்பு வேலையில பாதியை வேற பட்டறைக்கு விட்டுட்டார். அடுத்த நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டே சொன்னார்: "தீவாளி வரைக்கும் பாக்கலாம் கண்ணு. அதுக்குள்ள ஒரு கடையும் சேத்திக்கலீன்னா டையை எடைக்குப் போட்டுர்றேன். பொறவு உன்ற பாலு, உன்ற அடுப்பு."

இடுப்புப் பிடிப்பு

ஆடி கழிஞ்சு ஒரு நாள் தினேஷ் போன் பண்ணினார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ்லயே விட்டுட்டு வந்த மூடியை அவங்க அம்மா எடுத்துப் புழங்கிட்டு, திருப்பித் தர மாட்டேங்கறாங்களாம். அதனால முதலாளி காதுக்குப் போகாம, உக்கடம் கிளையில மட்டும் தீபாவளி வரைக்கும் வெச்சுப் பாக்கலாம்னார். கம்ப்யூட்டர்ல 'வடிகட்டி'ன்னு போட்டாச்சாம். நான் மறுநாளே ஓடிப்போய்ப் பாத்தேன். எங்க மூடி தரையை ஒட்டின தட்டுல, தரை தொடைக்கற மாப்புக்குப் பின்னாடி இருந்துச்சு. அங்க குனிஞ்சு பாக்கறது பூனை மட்டும்தான்.

யாரும் பாக்காதப்ப எடுத்துக் கண்ணுக்கு நேரா வெச்சுட்டு வந்தேன். அடுத்த நடைக்குப் போனா மறுபடி கீழ. மறுபடி மேல வெச்சேன். இப்படியே கொஞ்ச நாள் நடந்துச்சு. கடைசியில அந்தப் பகுதியைப் பாத்துக்கற நந்தினிங்கற பொண்ணு என்னைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டா. முதலாளி கோவிச்சதை மட்டும் விட்டுட்டு, நான் அலைஞ்ச கதையை எல்லாம் சொல்லி, "கண்ணு, ஒரு பால் பாத்திரத்து மேல இதைப் போட்டு எல்லாரும் பாக்கற எடத்துல வெச்சாத்தான் இது என்னன்னு தெரியும்"னு கெஞ்சினேன். அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "மேல இருக்கற எடமெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க காசு கொடுத்து வாங்கறதுங்க்கா. நீங்க மேல வெக்கறீங்க, நான் கீழ வெக்கறேன், கடைசில ரெண்டு பேருக்கும் இடுப்புதான் போகுது."

திரும்பி வந்த மூடி

மெதுவா ஒண்ணு ரெண்டு வித்துச்சு. ஒருத்தர் பூந்தொட்டிக்கு அடித்தட்டுன்னு வாங்கினார். ஒரு அம்மா இடியாப்பத் தட்டான்னு கேட்டுட்டு, இல்லைன்னதும் எங்க மேல கோவிச்சுக்கிட்டாங்க. ஒரு நாள் ஒருத்தங்க மூடியைப் பில்லோட திருப்பிக் கொடுக்க வந்திருந்தாங்க. நந்தினி என்னைக் கைகாட்டி விட்டுட்டா. "ஏனுங்க, வழிஞ்சிருச்சா?"ன்னு பதறிப்போய்க் கேட்டேன். அந்தம்மா பில்லை என் முன்னாடி நீட்டிச் சொன்னாங்க: "எங்கீங்க வழிஞ்சுது? வழிஞ்சாத்தானே காஞ்சிருச்சுன்னு தெரியும்! சத்தமே இல்லாமக் கொதிச்சுக் கொதிச்சு, நான் போய்ப் பாக்கறப்ப பால்கோவாவாயிப் போச்சு."

எல்லாரும் பாக்கற எடம்

தீபாவளிக்கு முந்தின வாரம் அதே கடைக்காரங்க எங்க சூலூர்லயே புதுக் கிளை திறந்தாங்க. தினேஷ் என்னையும் கூப்பிட்டிருந்தார், "முதலாளி கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க்கா"ன்னு சொல்லித்தான். கெடு முடியப்போற நேரம், முதலாளிக்குத் தெரியாம ஒரு கிளையில இருக்கறதை எங்க வீட்டுக்காரர் கணக்குலயே சேத்துக்கலை. அன்னைக்குக் காலையில அவர் பழைய இரும்புக் கடைக்காரர்கிட்டப் போன்ல பேசினதை நான் கேட்டிருந்தேன். போய்ப் பின்வரிசையில நின்னேன். பில் போடற மேசை முன்னாடி அடுப்பு, அடுப்பு மேல புதுப் பாத்திரம், முதலாளியும் அவர் சம்சாரமும் கும்பிட்டுக்கிட்டு நிக்கறாங்க. ஐயர் மந்திரம் சொல்றார். எல்லாரும் பாலையே பாக்கறாங்க. பால் பொங்கற வழியாக் காணோம். எட்டிப் பாத்தேன். பாத்திரத்து மேல எங்க மூடி! சுத்தி மஞ்சள் குங்குமம் வெச்சு, கழுத்துல ஒரு சரம் மல்லிகைப்பூ வேற. பாக்கறவங்க அதையும் பூஜைச் சாமான்னுதான் நினைச்சிருப்பாங்க.

நந்தினியைப் புதுக் கிளைக்கு மாத்தியிருந்தாங்க. ஓரத்துல நின்னுக்கிட்டு என்னைப் பாத்து ஒரே சிரிப்பு. பக்கத்துல வந்து காதுல சொன்னா: "எல்லாரும் பாக்கற எடத்துல வெக்கோணும்னீங்களேக்கா, அதான் பாலு மேலயே வெச்சுப்போட்டேன்." கொடுத்துவெச்ச புண்ணியவதி! விடுதியில இருக்கற புள்ளை, பால் காய்ச்சிப் பாத்ததே இல்லை, அன்னைக்கு அது வழியணுங்கறதும் தெரியலை. அவளை என்ன சொல்றது? ஐயர் கடிகாரத்தைப் பாத்து, "நல்ல நேரம் முடியப்போறது"ங்கறார். ஒருத்தர் தீயைக் கூட்டறார். மூடி அதுபாட்டுக்கு ஒழுங்கா வேலை செய்யுது. முதலாளி முகம் கறுத்துக்கிட்டே வருது, அந்தம்மா கண்ணுல தண்ணி கட்டிடுச்சு.

பேசாம நழுவிட்டா யாரோட மூடின்னு யாருக்கும் தெரியாது, ஒரு கிளையிலயாவது பிழைச்சுக் கிடக்கும். முன்னாடி போனா அந்த மனுசன் என்னைப் பாத்துடுவார், அதோட டையும் எடைக்குத்தான். அவ்வளவும் யோசிச்சேன், பொய் சொல்லலை. ஆனா நல்ல காரியத்துல ஒரு பொம்பளை கண் கலங்கி நிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியலை. கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போய், முந்தானையால பிடிச்சு மூடியைத் தூக்கினேன். அவ்வளவுதான்! பால் குபுகுபுன்னு எந்திரிச்சு, நாலு பக்கமும் வழிஞ்சு, அடுப்பு மேசையெல்லாம் ஓடுச்சு. "பொங்கியாச்சு, பொங்கியாச்சு"ன்னு ஒரே சத்தம்.

சத்தம் அடங்கினப்புறம் முதலாளி என்னை உத்துப் பாத்தார். "நீங்களா அம்மணி? மறுபடியும் அதே மூடியா?"ன்னார். தினேஷைக் காணோம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் சம்சாரம் மூடியை என் கையில இருந்து வாங்கிட்டாங்க. பூவை எடுத்துட்டுத் திருப்பிப் பாத்தாங்க. "இத்தனை நேரமும் இதுதான் நிறுத்தி வெச்சுதா?"ன்னாங்க. ஆமாங்கன்னேன். "இவ்வளவு தீயிலயுமா?"ன்னாங்க. அதுக்கும் ஆமாங்கன்னேன். முதலாளி, சகுனம் கிகுனம்னு என்னவோ ஆரம்பிச்சார். அந்தம்மா வழிஞ்சு கிடக்கற அடுப்பைக் காட்டிக் கேட்டாங்க: "நல்ல நாள்ல கழட்டி வெச்சுக்கலாமுங்க. மத்த நாள்ல இதைத் தொடைக்கறது நீங்களா, நானா?"

அன்னைக்குச் சாயங்காலமே எல்லாக் கிளைக்கும் வேணும்னு தினேஷ் போன் பண்ணினார். 'விசேஷ நாட்களில் கழற்றி வைக்கவும்'னு அட்டையில பெருசாப் போடணும்கறது மட்டும் முதலாளியோட உத்தரவு. எங்க வீட்டுக்காரர் பட்டறைக்குப் போய் டைக்கு எண்ணெய் பூசிட்டு வந்தார். கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியெல்லாம் தீபாவளிக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு, இப்ப நேரா நடந்து போய்ப் படுக்கறோம். மூடியைப் போட்டுக் காட்டிக் காட்டி ஊரெல்லாம் அலைஞ்சப்ப சீந்தாதவங்க, கடைசியில அதைக் கழட்டிக் காட்டினப்பதான் வாங்கிக்கிட்டாங்க.