மூன்று பித்தளை வளையம் போட்ட தடி

லாக்லன் மெக்கின்னன் பள்ளிக்கூடம் போனது பதிமூன்று வயது வரைக்கும்தான். அதற்கப்புறம் அப்பனுடைய படகு, சிங்கி இறால் பிடிக்கும் கூடு, உப்புக் காற்று. பிறகு சொந்தமாக ஒரு படகு. பிறகு துறைக்கு மேலே நாலு அறை வைத்த ஒரு விடுதி. கல்லைச் சுமந்ததும் அவன்தான், கூரையைப் போட்டதும் அவன்தான். வங்கிக்காரன் காசு அதில் ஒரு ஆணிக்குக்கூடப் போகவில்லை. இதைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு எழுந்துபோக முடியாது. சொல்லட்டுமே. கட்டினவன் சொல்லாமல் வேறு எவன் சொல்வான்?

எங்கள் ஹால்மசே தீவில் ‘உன் பெயர் என்ன’ என்று யாரையும் கேட்பதில்லை. கேட்டும் பிரயோஜனம் இல்லை. பாதித் தீவு மெக்கின்னன், மீதி மெக்ஆஸ்கில். டொனால்டு என்று கூப்பிட்டால் கோயிலில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ‘நீ யாருடைய ஆள்?’ என்பதுதான் இங்கே கேள்வி. இன்னார் மகன், அவர் இன்னார் மகன், அவரை ஊரில் இப்படிக் கூப்பிட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நடக்கப் பழகின பிள்ளைக்கும் தன் வீட்டு அடுக்கு தெரியும். லாக்லனுக்கு எல்லா வீட்டு அடுக்கும் தெரியும். கனடாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் முன்னோரைத் தேடி வருகிறவர்கள் படகை விட்டு இறங்கி நேராக அவன் வாசலுக்குத்தான் வருவார்கள். படித்தவர்கள் பெட்டி நிறையக் காகிதம் கொண்டுவருவார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். அவர்கள் அழுவார்கள். அந்த அழுகைதான் அவனுக்குப் பெரிய படிப்பு.

அப்படிப்பட்டவன்தான் போன குளிர்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் மாட்டிக்கொண்டான்.

கூப்பிட்டவர் கனடாவின் கேப் பிரெட்டன்காரர், வாரன் மெக்கின்னன். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். “என் பாட்டனுக்குப் பாட்டன் டொனால்டு. க்ரீமிஷ் ஊருன்னு சொல்வாங்க. அங்கேயிருந்து...”

“க்ரீமிஷ் டொனால்டா! தெரியாமலா?” லாக்லன் அவரை முடிக்கவே விடவில்லை. “தீவுக்குச் சொந்தக்காரத் துரை, ஆடு வளர்க்க ஊரையே காலி பண்ணினப்ப வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மனுஷன். உங்க ரத்தம் நல்ல ரத்தம் ஐயா. தலை நிமிர்ந்து வாங்க.”

க்ரீமிஷில் அந்தக் காலத்தில் இரண்டு டொனால்டு இருந்தார்கள். தெருவில் விளையாடுகிற குழந்தைகூட, ‘எந்த டொனால்டு, யாருடைய ஆள்?’ என்று திருப்பிக் கேட்டிருக்கும். லாக்லன் கேட்கவில்லை. தனக்குத் தெரியாதது இருக்க முடியாது என்ற நினைப்பில் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாரன் வந்து இறங்கினார். அவர் சொல்லிச் செய்த கல் ஒன்று முந்தின வாரமே வந்து க்ரீமிஷ் இடிபாடுகளுக்கு நடுவே நட்டாகிவிட்டது. ‘இங்கிருந்து விரட்டப்பட்ட டொனால்டு மெக்கின்னன் நினைவாக’ என்று வெட்டியிருந்தது. திங்கட்கிழமை நண்பகலில் திரை விலக்குவதாக ஏற்பாடு. தீவு முழுவதற்கும் அழைப்பு. கல்லின் பக்கத்தில் நின்று அந்த டொனால்டிலிருந்து வாரன் வரைக்கும் அடுக்கை ஒப்பிக்க வேண்டியவன் லாக்லன்.

சமையலறையில் உட்கார்ந்ததும் வாரன் நீளமான ஒரு துணிச்சுருளைப் பிரித்தார். “எங்க வீட்டுப் பொக்கிஷம். கப்பல்ல அவர் கொண்டுவந்தது இது ஒண்ணுதான். ஆடு மேய்ச்ச தடி.”

கறுத்துப்போன தடி. அடியில் இரும்புக் கூர். பிடிக்குக் கீழே மூன்று பித்தளை வளையம்.

லாக்லனின் மனைவி கிர்ஸ்டி கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். லாக்லன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். அந்தத் தடியை அவர்கள் பார்த்ததில்லை, ஆனால் அறியாதவர் தீவில் இல்லை. அது துரையின் கங்காணி வைத்திருந்த தடி. ‘தடிக்கார டொனால்டு’ என்று பெயர். அந்தத் தடியால் கதவை இடித்துத்தான் க்ரீமிஷில் வீடு வீடாக ஆட்களை வெளியே தள்ளினான். லாக்லனுடைய பாட்டனின் பாட்டி மேரியன் கைக்குழந்தையோடு நின்றபோது, பல தலைமுறையாக அணையாமல் காத்த அடுப்பு நெருப்பில் அவள் கறந்து வைத்திருந்த பாலையே ஊற்றி அணைத்தவன் அவன். பிறகு யாரும் அவனோடு பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் கப்பல் ஏறினான்.

வாரன் கைகழுவப் போனதும் கிர்ஸ்டி தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “மனுஷா, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?”

“எனக்கென்ன தெரியும்?”

“உனக்கா தெரியாது? உனக்குத் தெரியாதது இந்தத் தீவுல இருக்கான்னு நேத்துக்கூடக் கேட்டியே.”

“சும்மா இரு. வெளியே கேக்கும்.”

“கேக்கட்டும். மேரியன் அடுப்புக் கல்லு மேல அவன் பேரை நட்டு வெச்சிருக்கே. நீயே போய்ச் சொல்லு.”

அன்று மாலையே புயல் பிடித்துக்கொண்டது. கப்பல் இல்லை. லாக்லனின் படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, அதனால் கூடு பார்க்கப் போகிறேன் என்று கடலுக்கு நழுவவும் வழியில்லை. மழை கிடைமட்டமாக அடித்தது. தன் கையால் கட்டிய வீடு, எந்தக் காற்றுக்கும் அசையாத சுவர் என்று பெருமை அடித்துக்கொண்ட வீடு, இப்போது அவன் மேல் கவிழ்த்து வைத்த இறால் கூடு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வரும் வாய் தெரிந்தது, வெளியே போகும் வாய் தெரியவில்லை.

எதிரே வாரன். நல்ல மனிதர், அதுதான் கொடுமை. தட்டைத் தானே கழுவினார். கிர்ஸ்டிக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தார். “எங்க தாத்தா சாகும்போது க்ரீமிஷ், க்ரீமிஷ்னுதான் சொன்னார் லாக்லன். நீங்க போன்ல சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.” லாக்லன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் மழையைத் தவிர ஒன்றுமில்லை.

சொன்னால் தான் தவறு என்று ஆகும். இத்தனை வருஷம் கட்டிய பெயர் ஒரு நாளில் சரியும். சொல்லாவிட்டால் நெருப்பை அணைத்தவனுக்கே அந்த அடுப்பின் மேல் கல். இரண்டு பக்கமும் பாறை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவில் துணிகூடக் காயப்போட மாட்டோம். கோயிலுக்குப் போகலாம், வரலாம், அவ்வளவுதான். வாரன் தடியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். போதகர் பேசியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கோயில் மொத்தமும் மூன்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் விருந்தாளி முகத்துக்கு நேரே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரிடம் கைகொடுத்தார்கள், பயணம் சௌகரியமா என்று கேட்டார்கள், லாக்லனை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

துறையில் கயிறு பிடிக்கும் டூகல் மெக்ஆஸ்கில் கோயில் வாசலில் லாக்லனை மடக்கினான்.

“டேய் லாக்லன், உன் விருந்தாளி கையில என்னடா?”

“தடி.”

“அது தெரியுது. படகுல இருந்து இறக்கினதே நான்தான். துணிக்குள்ள இதுதான் இருக்குன்னு அப்பத் தெரியலை. நாளைக்கு என்னடா ஒப்பிக்கப் போறே?”

“நீயே சொல்லேன் அவர்கிட்ட.”

“நானா? எனக்கு எங்க அப்பன் பேரைத் தாண்டி ஒண்ணும் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? பெரிய ஆள் நீதானே. நீயே தள்ளு வண்டியை.”

திங்கட்கிழமை காலையில் காற்று தணிந்தது. லாக்லன் அதுவரை அவ்வளவு வெறுத்த நல்ல வானிலை வேறில்லை. நண்பகலுக்கு முன்பே வாரனைத் தனியாகக் க்ரீமிஷுக்குக் கூட்டிப்போனான். ஈரச் சதுப்பில் வாரன் அந்தத் தடியை ஊன்றி ஊன்றி வந்தார். ஒவ்வொரு ஊன்றலும் லாக்லனுக்கு நெஞ்சில் இடித்தது.

இடிந்த வீடு. நடுவில் புல் மூடிய அடுப்புக் கல். அதன் அருகே துணி போர்த்திய புதுக் கல். லாக்லன் கல்லைத் தொடவில்லை. அடுப்பின் பக்கம் நின்று தன் அடுக்கை ஒப்பிக்க ஆரம்பித்தான், அவனுக்கு வேறு வழியில் பேசத் தெரியாது.

“நான் லாக்லன். நார்மன் மகன். நார்மன் ரோரி மகன். ரோரி நீல் மகன். நீல் மேரியன் மகன். இது மேரியன் வீடு. இதோ இது அவ அடுப்பு. இதுல அவ கறந்த பாலை ஊத்தி அணைச்சவன் துரையோட கங்காணி. அவன் கையில மூணு பித்தளை வளையம் போட்ட தடி இருந்துச்சு.”

வாரன் தடியைப் பார்த்தார். பிறகு அதைப் புல்லில் மெதுவாகக் கிடத்தினார், சூடு பட்டதுபோல.

“நீங்க போன்ல...”

“நான் கேக்கலை ஐயா. யாருடைய ஆள்னு கேட்டிருக்கணும். கேக்கலை.”

“க்ரீமிஷ்ல வேற டொனால்டு இருந்தாரா அப்ப?”

“இருந்தான். துரத்தப்பட்டவன். கரையில படகுக் கொட்டகையிலயே செத்தான். கல்யாணம் ஆகலை. போன்ல பேசுறப்ப அதைக்கூட யோசிக்கலை நான்.”

“அவருக்குக் கல்லு வைக்க யாரும் இல்லை.”

“இல்லை.”

வாரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை இல்லை. “அப்ப கல்லு அவருக்கு இருக்கட்டும். பேரு சரியாத்தானே இருக்கு. ஆனா எல்லாரும் வந்தப்புறம் நீங்க உள்ளதைச் சொல்லணும் லாக்லன். நான் யாருங்கறதையும் சொல்லணும். ஒளிஞ்சு நின்னு திரை விலக்க என்னால ஆகாது.”

லாக்லன் தப்பிக்க நினைத்த கடைசி வழியையும் அவர் அன்பாகவே அடைத்துவிட்டார்.

ஊர் வந்து வளைத்து நின்றது. துணி விலகியது. லாக்லன் தொப்பியைக் கழற்றினான்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“சத்தமாடா, காத்துல கேக்கலை!” என்றான் டூகல் பின்னாலிருந்து.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்!” கத்தினான். பிறகு கல் யாருக்கு என்று சொன்னான். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது கிர்ஸ்டி ஓட்ஸ் ரொட்டித் தட்டோடு முன்னே வந்து வாரன் எதிரே நின்றாள். மூன்று நாள் சோறு போட்டும் அவள் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

“நீங்க யாருடைய ஆள்?”

“நான் வாரன்,” என்றார் அவர். “க்ளிஃபர்டு மகன். அவர் ஹியூ மகன். அவர் அலெக் மகன். அவர் தடிக்கார டொனால்டு மகன்.”

எல்லாரும் கிர்ஸ்டியைப் பார்த்தார்கள். ஆட்டுக்குட்டி ஒன்று எங்கோ கத்தியது.

“சரி. இப்பத் தெரிஞ்சுது,” என்றாள் கிர்ஸ்டி. “ரொட்டி எடுத்துக்கோங்க.”

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வாரன் போனார். தடியைக் கொண்டுபோகவில்லை. இது இங்கேதான் இருக்கணும் என்று லாக்லன் கையில் கொடுத்துவிட்டார். மறுக்க முடியவில்லை, விருந்தாளி கொடுத்தது. வீட்டுக்குள் வைக்கக் கிர்ஸ்டி விடவில்லை. கடலில் போடவும் அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் அது வாசல் மூலையில், மழைக்கோட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. வேறு வாசல் அந்த வீட்டுக்கு இல்லை, லாக்லன் வைக்கவில்லை. படகுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தொலைபேசி இன்னும் அடிக்கிறது. இப்போது அவன் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறான். பதில் வருகிற வரைக்கும் வாசல் மூலையைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.