முட்டி சரியாயிடுச்சுன்னு நான் சொன்ன பொய்

போன ஆகஸ்டு மாசம் இதே இடத்துல நின்னு, என் வலது முட்டிய கர்த்தர் சொகமாக்கிட்டாருன்னு சொன்னேன். ஓடியும் காட்டினேன். அது பொய்ங்க. அதைச் சொல்லித் தீக்காம எனக்குச் சோறு எறங்கல. அதான் இன்னைக்கு மைக்கை வாங்கியிருக்கேன். பாஸ்டரம்மா, நீங்க உக்காருங்க. சீக்கிரம் முடிச்சிடுவேன்னு எதிர்பாக்காதீங்க.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். எனக்கு வயசு எழுபத்தொண்ணு. காட்டூர்ல வீடு. வீட்டுக்காரர் ரயில்வேல ரிட்டயராகி இப்ப டிவி முன்னாடி டூட்டி பாக்குறாரு. நான் படிச்சது மூணாப்பு, அதுலயும் பாதி நாள் லீவு.

என் முட்டி ஒரு வருஷத்துக்கு மேல வீங்கிக் கெடந்துச்சு. விழல, அடிபடல. பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போனா, "வயசாச்சும்மா, தேய்மானம்"னு சொல்லி ஊசியால நீரை உறிஞ்சி எடுப்பாங்க. பத்து நாள்ல திரும்ப ரொம்பிடும். மாடிப்படிய பாத்தாலே அழுக வரும். ராத்திரி பொரண்டு படுக்க முடியாது. செத்தாத் தேவலன்னு நெனச்சிருக்கேன், வெளிய சொன்னதில்ல.

ஆகஸ்டுல அந்த உபவாசக் கூட்டத்தன்னைக்குக் காலையிலதான் நீர் எடுத்துட்டு வந்தேன். முட்டி வத்தியிருந்துச்சு. பாஸ்டரம்மா கை வச்சு ஜெபிச்சாங்க. "மடக்குங்கம்மா"ன்னாங்க, மடக்கினேன். "ஓடுங்கம்மா"ன்னாங்க, ஓடினேன். ஊசி விஷயத்தை முழுங்கிட்டேன். அத்தனை பேரும் அல்லேலூயான்னு கத்துறப்ப, காலையில நீர் எடுத்தேன்னு சொல்ல வாய் வரலங்க. எனக்கு வேற மைக்குன்னா உசுரு.

பத்தாவது நாள் முட்டி சொரக்கா மாதிரி திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. தெரு முனை வரைக்கும் நொண்டுவேன், சபை வாசல்ல நிமிந்து நடப்பேன். நாலு மாசம் இந்தக் கூத்து. பல்லக் கடிச்சுக் கடிச்சு எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. ஒருநாள் அடுப்படில உக்காந்து ஆண்டவர்கிட்டயே சண்டை போட்டேன். "உம்ம பேர் கெடக்கூடாதுன்னு நான் நொண்டாம நடக்குறேன். நீர் எனக்கு என்ன செய்றீர்? வழிய காட்டும், இல்லன்னா என் வாயையாவது தொறந்துவிடும்." ஆமென்கூடச் சொல்லல. அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் காலையில வாசல்ல லில்லி நிக்குறா. ஸ்ரீரங்கத்துலேர்ந்து பஸ் மாறி நம்ம சபைக்கு வருவாளே, டெய்லர் லில்லி, அவதான். காபி டம்ளரை நீட்டினேன். அவளால புடிக்க முடியல. கைவெரல் எல்லாம் வீங்கி முறுக்கிக் கெடந்துச்சு.

"என்னடி ஆச்சு?"

"எனக்கு மூட்டுவாதம்ல பாட்டி, நாலு வருஷமா மாத்திரை சாப்டுட்டு இருந்தேன். உங்க சாட்சியக் கேட்டுட்டு அன்னைக்கே நிறுத்திட்டேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கும்ல?"

பொடவைய முட்டிக்கு மேல தூக்கிக் காட்டினேன். அவ என் முட்டியப் பாத்தா, மூஞ்சியப் பாத்தா.

"அப்ப அன்னைக்கு ஓடினது?"

"நடிச்சேன்டி."

அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். அவ அழக்கூட இல்ல. "கெளம்புங்க, ஆட்டோ பிடிக்கிறேன்"னா. மன்னார்புரம் பக்கம் அவ பழைய மூட்டு டாக்டர் இருக்காரு. அவரு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுத் திட்டினாரு பாருங்க, என் மாமியாகூட அப்படித் திட்டினதில்ல.

எனக்கு ஸ்கேன் எடுத்தாரு. "எலும்பு நல்லாத்தான் இருக்கும்மா. மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். அது தடிச்சுப் பொதர் மாதிரி வளந்துடுச்சு. அதுதான் நீரைச் சுரந்துகிட்டே இருக்கு. விட்டா எலும்பையும் அரிச்சிடும்."

"காலை அறுக்கணுமா?"

"வேணாம். மூணு சின்ன ஓட்டை போட்டு, கேமராவ உள்ள விட்டுச் சுரண்டி எடுத்துடலாம்."

ஜனவரில ஆபரேஷன். இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு, கண்ணு முழிச்சிருந்தேன். டிவில என் முட்டிக்குள்ள தெரியுது, கொளத்துப் பாசி மாதிரி ஆடுது, ஒரு கருவி போய் மேய்ஞ்சு மேய்ஞ்சு எடுக்குது. "பயமா இருக்காம்மா?"ன்னாரு டாக்டரு. "இல்ல சார், இம்புட்டுக் குப்பையோட ஓடியிருக்கேனேன்னு பாக்குறேன்"னேன். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாங்க, கெட்ட கட்டி இல்லன்னு வந்துச்சு. ஸ்தோத்திரம். ஆனா அதுக்கப்புறம் முட்டிய மடக்கிப் பழக்குன பிசியோதெரபி பொண்ணு இருக்காளே, அவளை நான் சபிச்சதுக்கு ஆண்டவர் தனியா மன்னிக்கணும்.

இப்ப முட்டி போட்டு ஜெபிக்கிறேன். திரும்ப வளரலாமாம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் வரச் சொல்லியிருக்காரு. அதையும் சொல்லிடுறேன், இந்தத் தடவை எதையும் முழுங்கறதா இல்ல.

போன வாரம் பாஸ்டரம்மா என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? "ஆபரேஷனைச் சொல்லாதீங்கம்மா, விசுவாசம் கொறஞ்சிடும். கர்த்தர் சொகமாக்கினாருன்னு மட்டும் சொல்லுங்க." என் ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பின பதில் லில்லி. அந்த டாக்டரு. அவர் அனுப்பினதையே ஒளிச்சு வச்சுட்டு அவருக்கு மகிமையா? லில்லி மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சுட்டா. வீக்கம் எறங்கிடுச்சு. ரெண்டு வெரல் மட்டும் இனிமே நிமிராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தையல் மிஷின் ஊசில நூல் கோக்க அவ புள்ளைய கூப்புடுறா. அதுல பாதிப் பங்கு என்னுது. மீதி, விசாரிக்காம அல்லேலூயா கத்துன உங்க எல்லாரோடதும்.

அதனால கேளுங்க. ஆண்டவரை நம்புங்க, நான் முன்னவிட இப்ப ஜாஸ்தி நம்புறேன். அவர்கிட்ட சண்டை போடுங்க, கோவிச்சுக்க மாட்டாரு. உங்கள்ல யாராவது என் பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்தியிருந்தா, எந்திரிச்சுச் சொல்ல வேணாம். கூட்டம் முடிஞ்சதும் என் பக்கத்துல வந்து உக்காருங்க. முதல்ல மன்னிப்பு கேக்குறேன். அப்புறம் சேந்து ஜெபிப்போம். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்.