என் மனைவியின் கடவுச்சொல்

ராஜபாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் நடத்தும் இணையதளத்தை என் மனைவியே நம்பவில்லை. என்னோடு கல்லூரியில் படித்தவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடத்தும் தளத்தை நம்பினாள். இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்?

இரண்டு தளங்களுக்கும் ஒரே வேலைதான். அவள் வீட்டிலிருந்தபடி நைட்டி விற்கிறாள். நாலைந்து விற்பனைத் தளங்களில் கணக்கு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்குகளின் கடவுச்சொற்களை எங்களிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் எல்லா ஆர்டரையும் ஒரே பக்கத்தில் காட்டுவோம். முதலில் யோசித்தவன் நான். ஆனால் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள்கூட அவனிடம் போனார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் கைபேசியில் அவன் தளம் திறந்திருந்தது.

"ஏட்டி, என்ன இது?"

"போன மாசம் ஒரு பாஸ்வேர்டு மறந்துட்டுன்னு கேட்டேம்லா. டக்குனு பாத்துச் சொன்னிய."

"உடனே சொன்னேம்லா! அதுல என்ன குறை?"

"அதான் குறை. எழுத்து எழுத்தா வாசிச்சிய. அம்மா வீட்டு நாய் பேரையா வச்சிருக்கன்னு சிரிச்சிய வேற. இன்னும் எம்புட்டு பேரோடத இப்படிப் பாக்கியளோ? வேலியே பயிரை மேஞ்சா என்ன செய்ய? இந்தத் தளம் நடத்துற அவியகிட்டயும் கேட்டுப் பாத்தேன். எனக்கே தெரியாதும்மா, நீங்களே புதுசா மாத்திக்கோங்கன்னாவ."

'அவிய'வாம்! வெளியாரிடம் என்னைப் பற்றிப் பேசும்போது, பெயர் சொல்லாமல் 'அவர்' என்பதற்கு அவள் சொல்கிற 'அவிய' அது. அதையும் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டாள். 'தெரியாது' என்று சொல்லியே ஆள் பிடித்திருக்கிறான், படுபாவி. கேட்டதும் எடுத்துச் சொன்ன நான் திருடனாகிவிட்டேன். அந்த வாரம் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பால்கோவாவைக்கூட நான் தொடவில்லை. அவன் ஊர்ச் சரக்கு.

பொறாமையோடுதான் தளத்தை மாற்றி எழுதினேன். இனி அவரவர் கைபேசியே கடவுச்சொல்லைப் பூட்டித்தான் என்னிடம் அனுப்பும். திறக்கிற சாவியும் அதிலேயே இருக்கும். நானே நினைத்தாலும் பார்க்க முடியாது. அதை அவளிடம் சொன்னபோது உடனே பரீட்சை வைத்தாள்.

"மறந்துட்டு. பாத்துச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

"நெசமா?"

"ஆண்டாள் சத்தியமா தெரியாது."

அவன் தளத்திலிருந்த தன் கணக்கை என் கண் முன்னாலேயே அழித்தாள். அப்பாடா என்றிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து, கைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, எல்லாக் கணக்குக்கும் புதிய கடவுச்சொல் போட்டாள். ஒன்றை அடிக்கும்போது மட்டும் தனக்குள் சிரித்தாள்.

"என்ன, மறுபடியும் அந்த நாய் பேரா?"

"இல்ல."

"பொறவு யார் பேரு?"

"ஒங்களுக்குத்தான் தெரியாதுல்லா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தெரியாதுதான். அவள் திரும்ப என்னிடமே வந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று பார்க்கத்தான் வழியில்லை. அந்த வழியை அடைத்தவனும் நானே.